குளத்துத் தண்ணியைக் குடிச்சது யாரு?

மழையும் பேருக்கு, மரமும் பேருக்குன்னு கெடந்த ஒரு சீமையில, நெசமாவே ஒரு ராசா இருந்தாரு. சீமை பேரு முள்ளிச்சீமை, ராசா பேரு கடம்பராசா. உம் கொட்டணும், இப்பவே சொல்லிட்டேன். உம் கொட்டலேன்னா நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவேன், ராசா நின்ன எடத்துலயே நிக்கட்டும்.

கடம்பராசா கெட்டவர் இல்ல. ஆனா சந்தேகப் பேய் புடிச்சவரு. அதுக்கும் ஒரு காரணம் உண்டு. அவருக்குப் பட்டம் கட்டுன அன்னிக்கு எவனோ ஒரு களவாணிப்பய தங்க வாளை எடுத்துட்டு, மரவாளுக்கு மஞ்சள் பூசி ஒறையில சொருகி வச்சிட்டான். ராசா வீரமா உருவுனாரு. கையெல்லாம் மஞ்சள். கூடியிருந்த சனம் கொல்லுன்னு சிரிச்சிருச்சு. அந்த அவமானத்துல ஒரு சட்டம் போட்டாரு: "என் அரமனையில நேத்து இருந்த மாதிரியே இன்னிக்கும் எல்லாம் இருக்கணும். உருவம் மாறுனா களவு. களவுன்னா செறை." அவ்வளவுதான். காலையில எந்திரிச்சதும் பல்லு வெளக்குறாரோ இல்லியோ, அரமனையைச் சுத்தி வந்து ஒவ்வொண்ணா தடவிப் பாப்பாரு.

அவருக்கு ஒரு மந்திரி, வல்லயன்னு பேரு. ராசா "களவு"ன்னு வாயைத் தொறந்தா, "இவந்தான் செஞ்சது"ன்னு ஒரு ஆளைக் காட்டுறதுதான் அவன் வேலை. அவன் யோக்கியதை போகப் போகத் தெரியும்.

மார்கழி வந்துச்சு. குளிருன்னா குளிரு, அப்படியொரு குளிரு. ராசா தலைக்குத் தேய்க்கலாம்னு தேங்காயெண்ணெய்க் கிண்ணத்துல விரலை விட்டாரு. விரல் போகல. நேத்து வழவழன்னு ஓடுன எண்ணெய் இன்னிக்கு வெள்ளையா, கெட்டியா, கல்லு கணக்கா ஒக்காந்திருக்கு.

"அய்யய்யோ, எண்ணெயை எடுத்துட்டு மெழுகை வச்சிட்டான்! யாரு? யாரு செஞ்சது?"

"எண்ணெய் கொண்டாந்த செக்காட்டி இருளப்பந்தான் ராசாவே"ன்னான் வல்லயன்.

இருளப்பனைத் தூக்கி செறையில போட்டாங்க. கிண்ணத்துக்கு மூடி போட்டு, அரக்கு முத்திரை வச்சு, அலமாரியில பூட்டிட்டாங்க. மத்தியானம் வெயில் ஏறுனதும் உள்ளுக்குள்ளயே எண்ணெய் பழையபடி உருகிக் கெடக்குது. ஆனா யாரு தொறந்து பாத்தா? சாட்சின்னு பூட்டி வச்சதை யாரும் தொறக்க மாட்டாங்கல்ல!

அப்பறம் என்னாச்சு, அரமனைக்குள்ள இருக்குற அம்மன் சன்னிதியில, ஒரு கிண்ணம் நெறையக் கட்டிக் கற்பூரம் வச்சிருந்தாரு ராசா. கொளுத்தல, சும்மாதான் வச்சிருந்தாரு. அது நாளுக்கு நாள் தேயிது. தேஞ்சு தேஞ்சு ஒரு நாள் சுத்தமா ஒண்ணுமில்ல. சாம்பலும் இல்ல, ஈரமும் இல்ல, வாசம் மட்டும் கெடக்கு.

"அய்யய்யோ, கற்பூரம் போச்சு! யாரு? யாரு செஞ்சது?"

"சன்னிதிச் சாவி பூசாரி மொக்கையன் கையிலதான இருக்கு ராசாவே"ன்னான் வல்லயன்.

"நக்கித் தின்னியாய்யா?"ன்னு கேட்டு மொக்கையனையும் உள்ள தள்ளுனாங்க. அந்த மனுசன் செறைக்குள்ள ஒக்காந்து, "கற்பூரத்தை எவனாச்சும் திம்பானா, வாயெல்லாம் வெந்து போகுமே"ன்னு பொலம்புனாரு. யாரு காதுல விழுந்துச்சு!

இதெல்லாம் சின்ன வெவகாரம். பெருசு இனிமேத்தான் வருது. அந்த ஊருக்கே ஒரு குளம்தான். அரமனைச் செவுத்தை ஒட்டி, கல்லுப்படி கட்டின குளம். ஊரு சனம் மொத்தமும் அதுலதான் குடத்தை முக்கணும். அந்தக் குளம் எறங்க ஆரம்பிச்சிருச்சு. இன்னிக்கு ஒரு படி தெரியும், நாலு நாள் கழிச்சு இன்னொரு படி தெரியும். ஐப்பசி மழைக்கு ரொம்புன குளம் மார்கழியிலயே அடிவயிறு காட்டுனா, சித்திரையில சனம் எதைக் குடிக்கும்?

"அய்யய்யோ, தண்ணி போச்சு! யாரு? யாரு செஞ்சது?"

வல்லயன் அன்னிக்கு உடனே பேசல. சுத்தும் முத்தும் பாத்தான். குளத்தங்கரையில சடைச்சி துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தா. அரமனைத் துணி வெளுக்கிறவ. புருசன் இல்ல, முந்தானையைப் புடிச்சுக்கிட்டு ரெட்டைப் புள்ளைக, ஒண்ணு ஆணு, ஒண்ணு பொண்ணு. அவளுக்குன்னு கேக்க நாதி இல்லேன்னு வல்லயனுக்கு நல்லாத் தெரியும்.

"ராசாவே, இவளைப் பாருங்க. சொட்டச் சொட்ட நனைஞ்ச சேலையைக் கொடியில போடுறா. செத்த நேரத்துல சேலையில சொட்டுத் தண்ணி இல்ல. எங்க போச்சு? கீழயும் வடியல. இவகிட்ட ஏதோ மந்திரம் இருக்கு. தொட்ட தண்ணியெல்லாம் மாயமாப் போகுது. துணித் தண்ணியைக் குடிச்சவளுக்குக் குளத்துத் தண்ணியைக் குடிக்கத் தெரியாதா?"

சடைச்சி சும்மா விடல. "சாமி, வெயில் குடிக்கிது! வெயில்ல போட்டா துணி காயும், உங்க ஆத்தா சேலையும் அப்படித்தான் காஞ்சிருக்கும்! இதைப் போயி மந்திரம்ங்கிறாரே, இந்தாளுக்கு வாய் அழுகிப் போகாதா?"

"வெயிலுக்கு வாய் இருக்கா? வயிறு இருக்கா? தண்ணின்னா ஓடும், இல்லேன்னா கெடக்கும். பறக்குமா?"ன்னான் வல்லயன். கூட்டமும் அதானேன்னு தலையை ஆட்டுச்சு. ஊரு தண்ணியைத் திருடுனவளுக்கு யானைக் காலுதான்னு ராசா தீர்ப்பு சொல்லிட்டாரு. பொங்கலுக்கு மறுநாள் மிதிக்கணும்னு நாளும் குறிச்சாச்சு. ரெட்டைப் புள்ளைக ரெண்டும் ஆத்தா காலைக் கட்டிக்கிட்டு அலறுனதைக் கேட்டா கல்லும் கரைஞ்சிருக்கும், ராசா மனசு கரையல.

ஏண்டா மூஞ்சி அப்படிப் போகுது? அழுகாத. இப்பத்தான ஆளு வரப் போகுது.

யாரு வந்தா? ராசாவோட மாமியா வந்தா! ராணி வடிவோட ஆத்தா, சீனியம்மா. தண்ணி செழிச்ச வயக்காட்டு ஊருக்காரி. மகளுக்குப் பொங்கப்படி கொண்டாந்தா, வண்டி நெறைய அரிசி, வெல்லம், மஞ்சக்கொத்து, கரும்புக்கட்டு. வந்தவளுக்கு வடிவு எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொல்லி அழுதா. சீனியம்மா செறையில போயி சடைச்சியைப் பாத்தா, அந்தப் புள்ளைகளையும் பாத்தா. வந்து கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டா.

ஏன் கதவுக்குப் பின்னால? அந்தக் காலத்துல மாமியா மாப்பிள்ளை முன்னாடி வந்து நிக்கக் கூடாது, மூஞ்சியைப் பாத்துப் பேசக் கூடாது. பேசணும்னா கதவுக்குப் பின்னால இருந்து மககிட்ட சொல்ற மாதிரி சொல்லணும். மாப்பிள்ளைக்கு நல்லாக் கேக்கும், இருந்தாலும் மக திரும்ப ஒரு தடவை சொல்லணும். இதுல ராசா வீடும் ஒண்ணுதான், நம்ம வீடும் ஒண்ணுதான்.

ராசா எலையைப் போடச் சொன்னாரு. கதவுக்குப் பின்னால இருந்து சத்தம் வந்துச்சு. "ஏண்டி வடிவு, உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு. அந்த மூணு பேரு வழக்கை நான் சொல்ற மாதிரி விசாரிக்கிற வரைக்கும் நான் இந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்."

ராசாவுக்கு வேர்த்துப் போச்சு. மாமியா கை நனைக்காமப் போனா வெளிய தலைகாட்ட முடியுமா? "அத்தை சாப்பிடட்டும் மொதல்ல"ன்னாரு. "சாப்பிட மாட்டாகளாம்"ன்னா வடிவு. "சரி, சொல்லச் சொல்லு"ன்னாரு.

"எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டாரச் சொல்லுடி."

முத்திரையை ஒடைச்சுத் தொறந்தா, எண்ணெய் தளதளன்னு ஆடுது. ராசா அலறிட்டாரு, "மெழுகை எடுத்துட்டு எண்ணெயைத் திரும்ப வச்சது யாரு?"

"யாரும் வைக்கலைன்னு சொல்லுடி. அதை வாசல்ல வச்சிட்டு நாளைக்கு விடிஞ்சு பாக்கச் சொல்லு." விடிஞ்சு பாத்தா மறுபடியும் கல்லாட்டம் ஒறைஞ்சிருக்கு. "அதுல ஒரு துண்டைப் பேத்து உங்க வீட்டுக்காரர் உள்ளங்கையில வையிடி." வடிவு வச்சா. எல்லாரும் பாத்துக்கிட்டே இருக்க, ராசா கையில அது உருகி, வழிஞ்சு, முழங்கை வரைக்கும் ஓடுது. "குளிர்ல ஒறையும், சூட்டுல உருகும். அதே எண்ணெய்தான். இருளப்பனை விடச் சொல்லு."

இருளப்பனை விட்டாங்க. அந்தாளு வாசல்லயே நெடுஞ்சாண்கிடையா விழுந்து, கதவைப் பாத்துக் கும்பிட்டான்.

அப்பறம் சீனியம்மா, ஒரு மண்சட்டியில கற்பூரத்தைப் போட்டு, மேல ஒரு வெண்கலத் தட்டைக் கவுத்து, தட்டு மேல ஈரத் துணியைப் போட்டு, கீழ தணல் மட்டும் இளஞ்சூடா இருக்கட்டும்னா, தீ எரியக் கூடாதுன்னும் சொன்னா. செத்த நேரம் கழிச்சுத் தட்டை எடுத்தா, சட்டிக்குள்ள கற்பூரத்தைக் காணோம். ராசா "அய்யய்யோ"ன்னு வாயைத் தொறக்கப் போனாரு. "தட்டோட அடியைப் பாக்கச் சொல்லுடி"ன்னா. தட்டுல வெள்ளை வெளேர்னு படிஞ்சு கெடக்கு கற்பூரம். நக்கிப் பாத்தாரு ராசா, வாய் வெந்து போச்சு.

"எண்ணெயாச்சும் உருகித் தண்ணியா ஓடும். கற்பூரத்துக்கு அந்தப் பொறுமையும் இல்ல, கட்டியா இருந்தது நேரா காத்தாப் போயிரும். மொக்கையனை விடச் சொல்லு."

மொக்கையனையும் விட்டாங்க. ஊரு கூடிருச்சு. மூணாவதா ஒரு பானையில தண்ணியைக் கொதிக்க வச்சு, மூடி மேல பச்சைத்தண்ணி ஊத்தி மூடச் சொன்னா. மூடியைச் சாச்சதும் அடியில இருந்து பொட்டுப் பொட்டுன்னு சொட்டுது. "தண்ணியும் பறக்கும்னு சொல்லுடி. அடுப்புல வச்சா வேகமாப் போகும், வெயில்ல போட்டா மெதுவாப் போகும். குளிர் பட்டா தண்ணியாத் திரும்பி வரும். சடைச்சி சேலையில இருந்து போனதும் அப்படித்தான்."

சனம் குலவை போட்டுச்சு. சடைச்சியை விட்டுட்டாங்கன்னுதான நெனைக்கிறீங்க? எங்க விட்டாங்க! வல்லயன் முன்னாடி வந்தான். குரல்ல தேனு சொட்டுது.

"ஆகா, ராணியோட ஆத்தா சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்படின்னா குளத்தைக் குடிச்சதும் வெயில்தான். ஆனா ராசாவே, அதையும் காட்டிட்டா ஊருக்குச் சந்தேகம் தீரும். வெயில்தான்னு தெரிஞ்சா இவளை விட்டுருவோம். இல்லேன்னா யானைதான்."

ராசாவுக்கும் அது ஞாயமாப் பட்டுச்சு. சீனியம்மா ஒரு பெரிய அண்டாவைக் குளத்துப் படியில, வெயில் விழுகுற எடத்துல வைக்கச் சொன்னா. விளிம்பு வரைக்கும் தண்ணி. குளத்துச் செவுத்துலயும் அண்டாவுலயும் மஞ்சளால கோடு போட்டாங்க. நாலு நாளைக்கு வேண்டியதை சனம் முன்கூட்டியே மொண்டு வச்சுக்கிட்டு, அதுக்கப்பறம் யாரும் குடத்தை முக்காதபடி சுத்திக் காவல் போட்டாங்க. நாலு நாள் போச்சு. ஊரே போயி எட்டிப் பாத்துட்டு அரமனைச் சபைக்குத் திரும்புச்சு, சடைச்சியையும் செறையில இருந்து கூட்டியாந்தாங்க.

அண்டாவுல ஒரு விரல் அளவுக்குத்தான் எறங்கியிருக்கு. குளத்துலயோ ஒரு படி முழுசா எறங்கிப் போச்சு.

"குளம் பெருசுல்ல, அதான் நெறையக் குடிச்சிருக்கு"ன்னாரு ராசா.

"பெரிய தட்டுல ஊத்துனாலும் சின்னத் தட்டுல ஊத்துனாலும் ஒரே வெயில்ல ஒரே ஆழந்தான் எறங்கும்னு சொல்லுடி. வெயிலுக்கு ஓரவஞ்சனை தெரியாது." சொல்லிட்டு சீனியம்மா நாக்கைக் கடிச்சுக்கிட்டா. தான் போட்ட கோடே சடைச்சி கழுத்துக்குக் கயிறாப் போனது அப்பத்தான் அவளுக்கு ஒறைச்சது.

வல்லயன் கையைத் தட்டுனான். "கேட்டீங்களா! வெயில் ஒரு விரல்தான் குடிச்சிருக்கு. ராணியோட ஆத்தா வாயாலயே வந்துருச்சு. மிச்சத்தை யாரு குடிச்சா? செறையில இருந்துக்கிட்டே மந்திரம் போட்டுக் குடிச்சது இவதான்! யானையைக் கொண்டாங்கடா!"

யானை வந்துருச்சு. சங்கிலிச் சத்தம் கேக்குது. சடைச்சி புள்ளைகளைத் தூக்கி வடிவு கையில குடுத்தா. "தாயி, இதுகளுக்குக் கஞ்சி மட்டும் ஊத்துங்க"ன்னா. அழுகல. அதைப் பாத்துக்கிட்டு நிக்க சீனியம்மாவால முடியல. கதவைத் தள்ளிக்கிட்டு, முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு, சபை நடுவுல வந்து நின்னா. மாப்பிள்ளை மூஞ்சியை நேருக்கு நேரா பாத்தா.

"மாப்பிள்ளே! முறை தப்பி வந்து நிக்கிறேன், எம்மேல குத்தம்னா அப்பறமா சொல்லுங்க. இந்தப் புள்ளை சாகக் கூடாது. வெயில் அம்புட்டையும் குடிக்கலேன்னுதான் நான் சொன்னேன். இவ குடிச்சான்னு சொல்லலியே! போன தண்ணி செத்துப் போகல. எங்கயோ இருக்கு, ஏதோ ஒரு உருவத்துல இருக்கு. நாளைக்குப் பொழுது விடியிற வரைக்கும் குடுங்க. நான் காட்டலேன்னா, இவளுக்கு முன்னாடி என்னைப் படுக்கப் போடுங்க."

ராசா அரண்டு போயிட்டாரு. "சரி அத்தை, சரி அத்தை"ன்னாரு. வேற என்ன சொல்லுவாரு, சொல்லுங்க?

மறுநாள் கருக்கல் வெளுக்குற நேரம். பல்லு நடுங்குது. சீனியம்மா ராசாவை அரமனை மேல்மாடத்துக்கு ஏத்திக்கிட்டுப் போனா, இருளப்பனும் இன்னும் நாலு பேரும் கூடப் போனாங்க. வல்லயனும் பின்னாடியே வந்தான், அவன் மூஞ்சியில ஈயாடல. மேல நின்னு பாத்தா முள்ளிச்சீமை முழுக்கத் தெரியுது. கிழக்க காஞ்ச பொட்டல், பளிச்சுன்னு. தெக்க காஞ்ச பொட்டல், பளிச்சுன்னு. மேற்க, மொட்டைக் குன்றா நிக்கிற கரட்டுக்குப் பின்னால மட்டும், வெள்ளையா, தரையோட தரையா, பஞ்சு மெத்தை விரிச்ச மாதிரி ஒரு மூட்டம்.

"அதென்ன அத்தை, தீப்புடிச்சிருக்கா?"

"தீயில்ல மாப்பிள்ளே, தண்ணி! எங்க ஊர்ல மார்கழி விடிஞ்சா வயக்காடு பூரா இப்படித்தான் மூடிக் கெடக்கும். நெலத்துல ஈரம் ததும்புனா அது ஆவியாக் கெளம்பும், குளிர் பட்டதும் மேல போக மாட்டாம மூட்டமா நிக்கும். பொட்டக்காட்டுல ஏது மூட்டம்? ஊரு பூரா காஞ்சு கெடக்க, அந்த ஒரு எடத்துல மட்டும் நெலம் எப்படி நனைஞ்சுச்சு? உங்க குளத்துத் தண்ணி அங்க எந்திரிச்சு நின்னு, நான் இங்கதான் இருக்கேன்னு கூப்பிடுது பாருங்க!"

"அந்தக் கரட்டுக்குப் பின்னால யாரு நெலம்?"ன்னாரு ராசா. எல்லாரும் வல்லயனைப் பாத்தாங்க. அவன் படியில எறங்கி ஓடப் பாத்தான். இருளப்பன் காலை நீட்டுனான், வல்லயன் தொபுக்கடீர்னு விழுந்தான்.

ஊரே தெரண்டு கரட்டுக்குப் பின்னால போச்சு. போயி பாத்தா, அடேயப்பா! வாழை என்ன, கரும்பு என்ன, வெத்தலைக்கொடி என்ன. நடுவுல கல்லுக் கட்டுன ஒரு பொதவு, மதகு வாய் மாதிரி, அதுல தண்ணி கொப்பளிச்சு விழுகுது. அந்தப் பொதவுக்குள்ள ஆளை அனுப்பினா, தவழ்ந்து தவழ்ந்து போயி, குளத்தோட அடிப்படியில தலையை நீட்டுறான். அம்புட்டுச் சனமும் தொண்டை காஞ்சு கெடக்கையில, இந்தப் பாவி கரட்டுக்கு அடியில சொரங்கம் தோண்டி வாழைக்குப் பாய்ச்சியிருக்கான்!

ராசா அங்கயே நின்னாரு. அவரு சந்தேகமெல்லாம் அத்தனை பேரு மேலயும் பாஞ்சுச்சு, பக்கத்துல நின்னவன் மேல மட்டும் பாயல. சடைச்சி முன்னாடி போயி, தான் ராசாங்கிறதையும் பாக்காம, தலைப்பாகையைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, "தாயி, தப்பு எம்மேல. எண்ணெயில இருந்து எல்லாத்துலயும் எம்மேல"ன்னாரு. சடைச்சி வடிவு கையில இருந்து புள்ளைகளை வாங்கி இடுப்புல வச்சுக்கிட்டா.

"இவனை அந்த யானைக் காலுலயே போடுங்க"ன்னாங்க சனம்.

"வேணாம்"ன்னா சீனியம்மா. "மிதிச்சா ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும். எடுத்த தண்ணியைத் திருப்பி ஊத்தட்டும்."

அதுதான் தீர்ப்பு. சொரங்கத்துல பள்ளத்துக்கு வந்த தண்ணி மேட்டுக்குத் திரும்பாதுல்ல? அதனால வல்லயன் கொடத்துல மொண்டு, தலையில வச்சு, கரடு ஏறி எறங்கி, குளத்துல ஊத்தணும். ஊத்திட்டு மறுபடியும் வரணும். சடைச்சியை மிதிக்க வந்த யானை பின்னாடியே ஆடி ஆடி நடக்கும், அவன் நின்னா தும்பிக்கையால ஒரு தட்டு தட்டும். வேர்த்து வேர்த்துக் கொட்டுச்சு அவனுக்கு. "அதுவும் தண்ணிதாண்டா, ஆவியாப் போகுது, புடிச்சுக் குளத்துல ஊத்து!"ன்னு சின்னப்பயலுக கூடவே ஓடிக் கத்துனாங்க. வாழைத் தோப்பு ஊருக்குப் பொது ஆச்சு. அன்னிக்கு ஊர் பூரா பந்தி, அந்த வாழை எலையிலதான் சாப்பாடு. சீனியம்மா ராசாவுக்கு எதுத்தாப்புல ஒக்காந்து சாப்பிட்டா, கதவெல்லாம் தேவைப்படல.

சொரங்கத்தை அடைச்சு, குளத்துக் காவலை யாருகிட்டக் குடுக்கலாம்னு ராசா கேட்டப்ப, ஊரே ஒரே குரல்ல "சடைச்சி"ன்னுச்சு. அவளும் மறுபேச்சுப் பேசாம, படியில எறங்கி, செவுத்துல புதுசா ஒரு கோடு போட்டா. "இனிமே இதுக்குக் கீழ எறங்குனா நான் கேப்பேன். ராசாவா இருந்தாலும் கேப்பேன்"ன்னா. ராசா "கேளு தாயி"ன்னாரு.

இம்புட்டுத்தான் கதை. உருவம் மாறுனதெல்லாம் களவு போனது இல்ல, எது மாறுச்சு, எவன் எடுத்தான்னு நின்னு பாத்துச் சொல்லணும். அந்தச் சீமையில தண்ணி ரொம்பிக் கெடக்கட்டும், நம்ம வீட்டுப் பானையிலயும் ரொம்பிக் கெடக்கட்டும், உம் கொட்டுன புள்ளைக நூறு வருசம் நல்லா இருக்கட்டும்.